விண்ணப்பதாரனின் நினைவு: ஷோபாசக்தியின் நாவல்களை முன்வைத்து

காரைக்காலில் ஒரு மனிதன் யார் என்பதைக் காகிதம்தான் தீர்மானிக்கிறது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. 1954 நவம்பரிலேயே நிர்வாகம் கைமாறிவிட்டது என்றாலும், பிரான்ஸ் இந்த ஊரைச் சட்டப்படி இந்தியாவுக்கு ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். இங்கு பிறந்து இங்கேயே வசித்தவர்களில் பிரெஞ்சுக் குடிமக்களாக நீடிக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லிற்று. என் பெரியப்பா எழுதிக்கொடுத்தார்; அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே வெற்றிலைப் பெட்டியில் கைவைத்த சகோதரர்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் இந்தியர் ஆனார்கள்.

பெரியப்பா சொல்தா. இந்தோசீனாவில் பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய பென்ஷன் விண்ணப்பங்களை நகலெடுத்துக் கொடுக்கும் வேலை சிறுவயதில் எனக்கு வாய்த்தது. தேதி, படைப்பிரிவு, ஊர், காயம் என்று வரிசையாக எழுதுவார். வருஷங்கள் போகப்போக, விண்ணப்பத்தில் எதை எழுதினாரோ அது மட்டுமே தனக்கு நடந்தது என்று நம்ப ஆரம்பித்துவிட்டார். எழுதாதவை நடக்காதவையாகிவிட்டன.

ஷோபாசக்தியின் நாவல்களைப் படிக்கும்போதெல்லாம் இந்த விண்ணப்பங்கள் என் நினைவுக்கு வருகின்றன. எங்களூர்க்காரர்கள் கையில் காகிதத்துடன் பாரிஸுக்குப் போனார்கள். இவர் காகிதம் இல்லாமல் போனவர். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியான அல்லைப்பிட்டியில் 1967இல் பிறந்து, பதின்வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, பிறகு விலகி, தாய்லாந்து வழியாக 1993இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். கோடிக்கரையைத் தாண்டினால் பாக் ஜலசந்தி. அதன் மறுகரை யாழ்ப்பாணம். இவ்வளவு அருகில் இருந்தும், அந்தக் கரையின் வாழ்வை நாம் செய்தியாகத்தான் அறிந்துவைத்திருக்கிறோம்.

'கொரில்லா' 2001இல் வந்தது. தஞ்சம் கோரும் ஒருவனின் விண்ணப்பமாக அந்நாவல் தொடங்குகிறது. எண்ணிட்ட பத்திகள், அதிகாரிக்குரிய மரியாதை, நடந்தவற்றின் தேதிவாரியான பட்டியல். விண்ணப்பதாரனின் பெயர் அந்தோனிதாசன். அது ஆசிரியரின் சொந்தப் பெயர். இதை உத்தி என்று சொல்லித் தாண்டிப்போவது சுலபம். நம் விமர்சகர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இங்கே மிக அடிப்படையான ஒரு பிரச்சனை எழுப்பப்படுகிறது. தன் வதையை இன்னொருவன் நம்பும்படி சொன்னால்தான் உயிர்வாழ அனுமதி கிடைக்கும் என்ற நிர்ப்பந்தத்தில், நினைவு என்னவாகிறது? அதிகாரிக்குத் தேவை ஒரு ஒழுங்கு. நினைவுக்கு ஒழுங்கு கிடையாது. சித்திரவதைக்குட்பட்டவனுக்குத் தேதி மறந்துபோகலாம்; அந்த அறையின் வாடை மறக்காது. விண்ணப்பப் படிவத்தில் வாடைக்கு இடமில்லை. ஆகவே உண்மையைச் சொல்பவன் பொய்யனாகத் தோன்றுகிறான், ஒழுங்காகப் பொய் சொல்பவன் உண்மையானவனாகிறான்.

விண்ணப்பம் முடிந்தபின் வரும் ராக்கிராஜின் கதை அதிகாரிக்குச் சொல்ல முடியாத கதை. அதில் இலங்கை ராணுவம் மட்டும் இல்லை. அடிக்கிற தகப்பன் இருக்கிறான், இயக்கத்தின் தண்டனை இருக்கிறது, ஊரின் சாதியும் சில்லறைத்தனமும் இருக்கின்றன, சிரிப்பும் இருக்கிறது. இந்தச் சிரிப்பு முக்கியம். துக்கத்தை விற்பனைக்கு வைக்கிறவனால் சிரிக்க முடியாது.

'கொரில்லா' என்பது ராக்கிராஜின் தகப்பனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். அது மகன்மேலும் ஒட்டிக்கொள்கிறது. இயக்கத்துக்குப் போய் வேறு பெயர் பூண்டும் அது உதிர்வதில்லை. எங்களூர் புனிதவதி தசையை உதறிவிட்டுத் தன்னைக் காரைக்கால் பேய் என்று தானே அழைத்துக்கொண்டாள். பெயரைத் தானே தேர்ந்துகொண்டவளுக்கு அது விடுதலை. ராக்கிராஜுக்கு அந்தத் தேர்வு இல்லை. தகப்பன், இயக்கம், அந்நிய அரசு என்று ஒவ்வொருவரும் அவனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அடையாளம் என்று நாம் இன்று சுலபமாக உச்சரிக்கும் சொல்லின் எடை இந்த நாவலில்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்று வருஷம் கழித்து, 2004இல், 'ம்' வந்தது. என் கணிப்பில் இதுவே அவருடைய தீவிரமான நாவல். என் தூக்கத்தைக் கெடுத்த நாவலும் இதுதான். 1983 ஜூலை 25இலும் 27இலும் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அந்தப் படுகொலையிலிருந்து தப்பியவன் நேசகுமாரன். சரித்திரம் அவனைப் பலியாள் என்று குறித்துவைக்கும். நாவல் அவனை அங்கே விட்டுவிடவில்லை. புலம்பெயர்ந்த நாட்டில் அவனுடைய மகள் நிறமி, இன்னும் சிறுமி, கர்ப்பமாக இருக்கிறாள். காரணம் யாரென்று சொல்ல மறுக்கிறாள். காரணம் தகப்பன்.

வதைபட்டவன் வதையினால் புனிதனாகிறான் என்பது நம் இலக்கியத்தில் ஊறிப்போன நம்பிக்கை. துன்பம் புடம்போடும் என்கிறோம். ஷோபாசக்தி இதை மறுக்கிறார். சிறையில் உடல்மீது செலுத்தப்பட்ட அதிகாரத்தை அனுபவித்தவன் வீட்டில் அதே அதிகாரத்தைச் செலுத்தக்கூடும். முன்னது பின்னதற்குக் காரணம் என்று நாவல் எங்கும் வாதிடவில்லை. மன்னிப்புக்கான ஏற்பாடும் செய்யவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் வாசகன் தனியாக நிற்க வேண்டியிருக்கிறது.

ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து மீண்ட ப்ரிமோ லெவி தன் கடைசிக் காலத்தில், 1986இல் வெளியான புத்தகத்தில், வதைப்பவனுக்கும் வதைபடுபவனுக்கும் நடுவேயுள்ள சாம்பல் நிறப் பகுதி ஒன்றைப் பற்றிப் பேசினார். தப்பிப் பிழைத்தவர்கள் முழுமையான சாட்சிகள் அல்ல, மூழ்கிப்போனவர்களே முழுச் சாட்சிகள் என்றும் கருதினார். தமிழில் அந்தச் சாம்பல் பகுதிக்குள் தயங்காமல் நுழைந்த நாவல் 'ம்'. இதற்கு முன் அசோகமித்திரன் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) நாவலில் அதன் விளிம்புவரை போனார். கலவரத்தின் நடுவே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் குடும்பத்தைக் காப்பாற்றவும் ஒரு சிறுமி தன் உடலை முன்வைக்கும்போது, சந்திரசேகரன் அருவருப்பில் ஓடுகிறான். அவனுக்கு ஓட முடிந்தது. அவமானம் அவனைக் காப்பாற்றுகிறது. நேசகுமாரனுக்கு அந்த வழியும் மூடிவிட்டது.

ஆனால் இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாவலின் பெரும்பகுதி நேசகுமாரனின் பின்னாலேயே போகிறது. அவனுடைய சிறை, அவனுடைய துரோகம், அவனுடைய தப்பித்தல். நிறமிக்கு மௌனம்தான் வாய்த்திருக்கிறது. அந்த மௌனத்தை ஆசிரியர் மதிக்கிறார் என்று வாதிடலாம். நானும் சில காலம் அப்படித்தான் வாதிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு அது போதவில்லை. தகப்பனின் நினைவுக்கு இத்தனை பக்கங்கள் கிடைக்கும்போது, மகளின் நினைவு கதை தொடங்குவதற்கான ஒரு முடிச்சாகக் குறுகிவிடுகிறது. வதைபட்ட பெண்ணுடல் சாட்சியாக முன்னிறுத்தப்படுகிறது. அவள் சாட்சி சொல்லக் கூப்பிடப்படவில்லை. அதிகாரி செய்த அதே காரியத்தை, வேறு தளத்தில், நாவலும் செய்துவிடுகிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. 2019இல் வெளிவந்த 'இச்சா'வில் சிறையிலிருக்கும் ஒரு பெண் போராளியின் எழுத்தாகவே கதை விரிவதைப் பார்க்கும்போது, இந்தக் குறையை அவரும் உணர்ந்திருக்கக்கூடும் என்று படுகிறது. அங்கே வேறொரு சிக்கல். கொடுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது வாசகனின் மனம் ஒரு கட்டத்தில் மரத்துப்போகிறது. பழைய சிரிப்பு அங்கு குறைந்துவிட்டது.

2015இல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்ற 'தீபன்' படத்தில் ஷோபாசக்தி நடித்தார். செத்துப்போன ஒருவனின் பாஸ்போர்ட்டில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணையும் சிறுமியையும் மனைவி, மகள் என்று காட்டி பிரான்ஸுக்குள் நுழையும் போராளியின் கதை. எங்களூர்க்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்த சாதிவழக்கத்தைத் துறப்பதாகக் கையெழுத்திட்டு, புதிதாக ஒரு குடும்பப் பெயரைப் பூண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அந்தப் பெயர்களுக்குள் எதை வைத்துப் பூட்டினார்கள் என்று எவரும் எழுதவில்லை. ஒரு நூற்றாண்டுக்குமேல் சைகோனுக்கும் ரெயுனியோனுக்கும் பாரிஸுக்கும் ஆள் அனுப்பிய இந்தக் கரையிலிருந்து 'கொரில்லா'வுக்கு நிகரான ஒரு புத்தகம் வரவில்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. காகிதம் கிடைத்துவிட்டவர்களுக்குக் கதை தேவைப்படவில்லை போலும்.

'ம்' என்பது கதை கேட்பவன் கொட்டும் சத்தம். சொல்பவனைத் தொடரச் செய்யும் சத்தம். கேட்பவன் எதற்கும் பொறுப்பேற்காமல் நழுவிக்கொள்ளும் சத்தமும் அதுதான். அந்தத் தலைப்பு யாரைக் குறிக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது.

சாவதற்குச் சில வாரம் முன்பு, ஒரு ராத்திரி, பெரியப்பா விண்ணப்பத்தில் எழுதாத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். இந்தோசீனாவில் ஒரு கிராமம், ஒரு வீடு, வாசலில் ஒரு பெண். உள்ளே போனோம் என்றார். நான் 'ம்' என்றேன். அவர் சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் தைரியம் ஒரு நாவலாசிரியனுக்கு இருந்திருக்கிறது. மேலே நான் சொன்ன ஆட்சேபங்களை நான் கைவிடவில்லை. ஆனாலும் அவற்றை எழுதும்போது என் கை அவ்வளவு உறுதியாக இல்லை.