அச்சேறாத முன்னுரை

அம்பேத்கரை நாம் சிலையாகவே நினைத்துப் பழகிவிட்டோம். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் காலனிகளுக்குள் போனால் நீலக் கோட்டும் நீட்டிய விரலுமாக நிற்கிறார். பல இடங்களில் சுற்றிலும் இரும்புக் கூண்டு. டிசம்பர் 6 அன்று மாலை போட்டு வீரவணக்கம் சொல்லிக் கலைகிறோம். அந்த மனிதருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, கால் வலியில் தூங்காமல் கிடந்தார், தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார் என்பதெல்லாம் நம் மேடைகளில் வருவதில்லை. சொன்னால் தலைவருக்குக் குறைச்சல்னு நினைக்கிறோம்.

அவரே அப்படி நினைக்கவில்லை. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு 1956இல் அவர் எழுதிய முன்னுரையைப் படித்தால் இது விளங்கும். 1951இல் தொடங்கிய வேலை முடிய ஐந்து ஆண்டுகள் ஆனது. இடையில் உடம்பு பலமுறை படுத்துவிட்டது. அணையப்போகும் சுடர் என்று டாக்டர்களே பேசிய நிலை வந்தது. அதைத் திரும்ப ஏற்றி வைத்தது தன் மனைவியின் வைத்தியமும் டாக்டர் மல்வங்கரின் வைத்தியமும்தான், அவர்களால்தான் நூலை முடிக்க முடிந்தது என்று வெளிப்படையாக எழுதுகிறார். 1956 டிசம்பர் 5 இரவு, டில்லி அலிப்பூர் ரோடு வீட்டில், அவர் கேட்டு வாங்கிவைத்த தாள்களில் இந்த முன்னுரையும் இருந்தது. விடிந்தபோது அவர் இல்லை.

1957இல் நூல் வெளிவந்தது. முன்னுரை வரவில்லை. 1980இல் பகவான் தாஸ் அதை வெளியிடும்வரை, இருபது வருஷத்துக்கு மேல் வாசகர் கண்ணில் படவில்லை.

அதில் நன்றி சொல்லப்பட்ட மனைவி சவிதா, பிறப்பால் பார்ப்பனர். 1948 ஏப்ரல் 15இல் அவரை மணந்தபோதே நம்மவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இறந்த பிறகு சந்தேகம் முழுக்க அந்தப் பெண் தலையில் விழுந்தது. அரசு விசாரணை இயற்கை மரணம் என்றே முடிவு சொன்னது. ஆனாலும் 2003இல் அவர் சாகும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. பார்ப்பனியத்தைச் சந்தேகிக்க நமக்கு ஆயிரம் காரணம் இருக்கு, மறுக்கலை. ஆனால் ஊசி போட்டு, பத்தியம் பார்த்து, ராத்திரி கண்விழித்தவரைப் பற்றி நோயாளியே எழுதிவைத்த சாட்சியம் இது. பாபாசாகேபின் எழுத்தில் நமக்குத் தோதானதை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவது என்ன வாசிப்பு?

நூலுக்குள் போனால் இன்னொன்று தெரிகிறது. கிழவன், நோயாளி, பிணம் மூன்றையும் பார்த்து சித்தார்த்தன் துறவியானான் என்கிற கதையை அவர் ஏற்கவில்லை. 29 வயது வரை ஒருவன் நோயாளியையே பார்க்காமல் எப்படி இருந்திருப்பான் என்று கேட்கிறார். சாக்கியருக்கும் கோலியருக்கும் ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காக வந்த சண்டையையே காரணமாக வைக்கிறார். நோயை அரண்மனைக்கு வெளியே பார்த்தவரல்ல இவர், உடம்பிலேயே வைத்திருந்தவர். அப்படிப்பட்டவர், நோயைப் பார்த்தால் உலகத்தை விட்டு ஓடத் தோன்றும் என்பதை நம்ப மறுக்கிறார். மனிதனைப் புறப்பட வைப்பது மனிதருக்குள் நடக்கும் அநீதி என்கிறார். அந்தப் பக்கங்களை அவர் உடம்போடு சேர்த்துத்தான் வாசிக்கணும்.

இது எழுத்தோடு நின்ற விஷயமில்லை. 1951 ஆகஸ்டில் நேருவுக்கு எழுதிய கடிதத்தில், டாக்டர்கள் ஒரு மாத சிகிச்சைக்கு நெருக்குகிறார்கள், அதற்குள் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார். மசோதாவைக் கைவிட்டார்கள். செப்டம்பரில் பதவி விலகினார். உடம்பு முடியாமல்தான் விலகினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று தன் அறிக்கையிலேயே மறுத்துவைத்தார். நோயை அவர் மறைக்கவில்லை. மற்றவர்கள் அதைத் திரையாக்கி அரசியலை மறைக்கவும் விடவில்லை. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் தடியூன்றி நின்று லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவினார். நவம்பரில் காத்மாண்டு போய் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டுப் பேசினார்.

நமக்கு ஏன் இது பேச வரவில்லை? வெட்டுப்பட்டுச் செத்தவரை நினைக்க நமக்குத் தெரியும். 1978 ஜூலையில் விழுப்புரம் பெரிய காலனியில் கொல்லப்பட்ட 12 பேரை மறக்க மாட்டோம், மறக்கவும் கூடாது. ஆனால் காலில் ஆறாத புண்ணோடு நாத்து நடப் போகிற அம்மா, ‘சுகர் மாத்திரை தீந்து போச்சி, பஸ்ஸுக்குக் காசில்ல’ன்னு உட்கார்ந்திருக்கிற பெரியப்பா, இவர்கள் நம் கதைகளில் எங்கே? வந்தால் பரிதாபத்துக்கு வருகிறார்கள். நோயோடு சங்கம் வைத்தவர்கள், பட்டா மனு எழுதியவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நம் தெருக்களிலேயே இருந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இரண்டு பேரையும் எழுதவில்லை. நோயாளியை எழுதாத இலக்கியம் பராமரித்தவரையும் எழுதாது. அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரியார்தாசன் தமிழாக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உங்கள் கையிலிருக்கும் பதிப்பில் அந்த முன்னுரை இல்லையென்றால் படியெடுத்து முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். வருகிற டிசம்பர் 6இல் மாலை போட்ட பிறகு யாராவது ஒருவர் அதை உரக்கப் படிக்கட்டும்.