மதிப்பெண்ணும் மதியும்

காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவியைக் கையிலே கொடுத்து, கட்டடத்தின் உயரத்தைக் கண்டுபிடி என்றால் எப்படி இருக்கும்? நூலும் கோலும் இருக்க, கட்டடம் அளப்பவன் பாரமானியைத் தேடி ஓடுவானா? ஓடமாட்டான்! ஆனால், தேர்வுத்தாள் என்பது தனி உலகம். அங்கே எந்த விந்தையும் வினாவாகும்.

அத்தகைய வினாவையும், அதற்கு மாணவன் ஒருவன் அளித்த விடையையும் வைத்து, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் கலாண்ட்ரா, 1968 டிசம்பரில் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் சிறு கட்டுரையொன்று தீட்டினார். ‘குண்டூசி முனையில் தேவதூதர்கள்’ என்பது தலைப்பு. குண்டூசி முனையிலே எத்தனை தேவதூதர் நிற்கலாம் என்று வாதிட்டதாக எள்ளி நகையாடப்படும் இடைக்கால ஏட்டுப் புலமையைச் சுட்டும் தலைப்பு அது.

மாணவன் தந்த விடை எளிது. பாரமானியைக் கயிற்றிலே கட்டி உச்சியிலிருந்து தெருவரை இறக்குவது. பிறகு கயிற்றை அளப்பது. ஆசிரியர் சுழி என்றார். மாணவன் முழு மதிப்பெண் என்றான். நடுவராக வந்தவர் கலாண்ட்ரா. இயற்பியல் அறிவு தெரிய விடை எழுது என்று ஆறு நிமிடம் தந்தார். ஐந்து நிமிடம் தாள் வெறுமையாகவே கிடந்தது. விடை தெரியாமல் அல்ல, விடைகள் பல இருந்ததால்! கடைசி நிமிடத்தில், கருவியை உச்சியிலிருந்து போட்டு, விழும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடும் முறையை எழுதினான். ஏறக்குறைய முழு மதிப்பெண் கிடைத்தது.

மற்ற விடைகள்? நிழலை ஒப்பிடலாம், கருவியையே கோலாக்கிப் படிப்படியாகச் சுவரை அளக்கலாம், ஊசலாக ஆட்டிப் புவியீர்ப்பின் வேறுபாட்டைக் காணலாம். அல்லது, கட்டடக் கண்காணிப்பாளரிடம் போய், உயரத்தைச் சொன்னால் கருவி உமக்கே என்று பேரம் பேசலாம்!

ஆசிரியர் எதிர்பார்த்த விடையும் அவனுக்குத் தெரியும். ‘இப்படித்தான் சிந்திக்க வேண்டும்’ என்ற ஆணையே அவனுக்குச் சலித்துவிட்டது. 1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் பதறிய அமெரிக்க வகுப்பறைகளை நோக்கி வீசப்பட்ட குறும்பு அது.

கட்டுரை சுவையானது, தேவையானது. ஆயினும், கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை அது கேட்கவில்லை. ஆசிரியர் போற்றிய விடையின் தரம் என்ன? தரைக்கருகே ஏறத்தாழ 11 மீட்டர் ஏறினால் பாதரசம் 1 மில்லிமீட்டர் இறங்கும். 44 மீட்டர் கட்டடத்துக்கு 4 மில்லிமீட்டர்தான்! படிப்பதில் அரை மில்லிமீட்டர் பிசகினால், உயரத்தில் ஐந்தரை மீட்டர் பிசகும். கயிற்றளவிலே அத்தனை பிழை நேருமா? சுழி வாங்கிய விடை, முழு மதிப்பெண்ணுக்குரிய விடையை வென்று நிற்கிறது!

அதற்காக மாணவன் சொன்னதெல்லாம் மாணிக்கம் என்று கொள்ளலாமா? கூடாது. 50 மீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு குறைவது இலட்சத்தில் ஒன்றரைப் பங்கு. கயிற்றிலே ஆடும் பாரமானி அதைக் காட்டாது. நகைச்சுவை நன்று, ஆனால், நகைச்சுவை சான்றாகிவிடாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கலாண்ட்ராவின் மாணவனுக்குப் பெயரில்லை. பின்னாளில் கதை பரவியபோது, டென்மார்க் அறிஞர் நீல்ஸ் போரின் பெயரை ஒட்டினார்கள்; தேர்வுக்கூடமும் கோபன்ஹேகனுக்குப் போயிற்று! 1922-இல் நோபல் பரிசு பெற்ற மேதையே சொன்னார் என்றால் விடைக்கு மதிப்பு ஏறுமாம்! ‘ஆசிரியர் சொன்னார், ஆகவே சரி’ என்ற மனப்பான்மையைக் கேலி செய்யப் பிறந்த கதைக்கே, ‘அறிஞர் சொன்னார், ஆகவே அருமை’ என்று அரியணை போடுகிறார்கள். மடமை வாசல் வழியே வெளியேறி, சாளரம் வழியே திரும்பி வருகிறது!

இளைஞர்களே! இந்தக் கதையைச் சொல்லுங்கள். போர் பெயரை நீக்கிச் சொல்லுங்கள். பெயரற்ற மாணவன் பிடித்த கயிறு பெயருக்காக நீளவுமில்லை, பெயரின்மையால் குறையவுமில்லை. அளந்து பாருங்கள், அதுதான் அறிவியல்.