'ரொஸ்மர்ஸ்ஹோம்' நாடகமும் 1882ஆம் ஆண்டுத் தேர்தலும்

நோர்வேயின் அரசியல் வரலாற்றில் 1882ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல் ஒரு திருப்புமுனையாகும். மன்னரின் அமைச்சரவை பாராளுமன்றத்துக்குக் கட்டுப்பட்டதா என்பதே அதன் மையப் பிரச்சினை. 114 ஆசனங்களுள் 83ஐத் தாராண்மைவாதிகள் கைப்பற்றினர். 1884இல் பிரதமர் செல்மர் அரசியற் குற்றவிசாரணை மன்றத்தாற் பதவி நீக்கப்பட, ஸ்வேர்ட்ரூப் தலைமையில் புதிய அரசாங்கம் அமைந்தது.

1885இல் தாயகம் சென்று மீண்ட இப்சன், மறு ஆண்டு வெளியிட்ட 'ரொஸ்மர்ஸ்ஹோம்' இக்கட்சிப் பூசலையே பகைப்புலமாகக் கொண்டது. பழைமைபேணும் அதிபர் குரோல், மைத்துனன் ரொஸ்மரைத் தம் பத்திரிகைக்கு ஆசிரியராக்க விழைகிறார். அவன் மறுத்ததும் அதே பத்திரிகையில் அவனைத் தூற்றுகிறார். எதிரணிப் பத்திரிகையாசிரியன் மோர்ட்டன்ஸ்கோர்ட்டோ, ரொஸ்மர் சமய நம்பிக்கையைத் துறந்ததை வெளியிட வேண்டாமென்கிறான்; அவனுக்கு வேண்டியது முன்னாட் போதகரின் ஆதரவேயன்றிச் சுதந்திர சிந்தனையாளனின் ஆதரவன்று. இருவருக்கும் ரொஸ்மர் ஒரு மனிதனல்லன். பயன்தரும் ஒரு குடும்பப் பெயர் மட்டுமே. அதிகாரம் கைமாறினும் மனிதர் மாறவில்லை என்னும் இப்சனின் விமரிசனம் இங்கு கூர்மை பெறுகிறது.

ஆயினும் நாடகத்தின் வரம்பும் இதுவே. மக்களை மேன்மைப்படுத்த விரும்பும் ரொஸ்மரின் இல்லத்துள் அம்மக்கள் காலடி வைப்பதேயில்லை. ஆண்கள் அனைவர்க்கும் வாக்குரிமை 1898இலும் பெண்கள் அனைவர்க்கும் 1913இலுமே கிடைத்தன. 1882இல் வென்ற 'மக்கள்' யாவர் என்னும் வினாவை நாடகம் எழுப்பவில்லை. ரொஸ்மரும் ரெபெக்காவும் ஆலையோடையில் மூழ்குகையில் அவ்வினா கரையிலேயே எஞ்சிநிற்கிறது.