உருபும் பயனும்: ஆங்கில முன்னுருபுத் தொடரும் தமிழ் ஆய்வுரைநடையும்

ஆங்கில எழுத்துநடையில் ஒரு பெயரின் பின்னே நின்று அதனை விளக்கும் அடைகளுள் மிகுதியாக வருவன முன்னுருபுத் தொடர்களே. 'ஆஃப்', 'ஆன்', 'வித்', 'பிட்வீன்' முதலிய இடைச்சொற்கள் ஒரு பெயரின் முன் நின்று, அப்பெயரை அதற்கு முன்னுள்ள மற்றொரு பெயரோடு இணைக்கின்றன. இவற்றையே ஈண்டு முன்னுருபு என்கின்றோம். டக்ளஸ் பைபரும் அவரொடு உழைத்த அறிஞரும் 1999இல் வெளியிட்ட பேரிலக்கணம், பேச்சாங்கிலத்தில் அருகியும் ஆராய்ச்சி நடையில் செறிந்தும் இவ்வமைப்பு வருதலை எடுத்துக் காட்டியது. தமிழாய்வாளர்க்கு இதனால் ஆவதென்ன என்று வினவலாம். இன்று தமிழில் எழுதப்பெறும் ஆய்வேடுகளின் நடை பெரிதும் இவ்வமைப்பின் நிழலிலேயே வளர்கின்றது. அதுவே இக்கட்டுரை எழக் காரணம்.

திராவிட மொழிகள் முன்னுருபு கொள்ளாது பெயர்க்குப் பின்னேயே உருபேற்கும் என்பதைக் கால்டுவெல் 1856இலேயே விளக்கினார். வேற்றுமை இவ்விட மாற்றத்தோடு முடிவதாகப் பலர் கருதுவர். அது மேலோட்டமான கருத்தாகும். உண்மை வேற்றுமை முடிபில் உள்ளது. எல்லைப் பொருளில் வரும் ஐந்தாவதும் ஆறாவதும் பெயர்கொண்டு முடியும். நான்காவதும் ஏழாவதும் பெயரும் வினையும் ஆகிய இரண்டும் கொள்ளும். ஏனையவை வினையே கொள்ளும் என்பது பவணந்தியார் வகுத்த முறை. 'காஞ்சியின் வடக்குத் திருத்தணி' என்பது எல்லை. அங்கு வினை வேண்டுவதில்லை. 'பொன்னால் குடம்' என்று மட்டும் நிறுத்த இயலாது. 'பொன்னாற் செய்த குடம்' என வினை வருதல் வேண்டும், அல்லது உருபும் வினையும் ஒருங்கே மறைந்து 'பொற்குடம்' ஆதல் வேண்டும். பின்னதனையே உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்றனர் இலக்கணிகள். ஆங்கிலம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதொரு நெறியில் செல்வது. பயனை விட்டு உருபை மட்டும் வைத்துக்கொள்வது. 'தி டெம்பிள் ஆன் தி ஹில்' என்புழிக் கோயில் மலைமேல் என்ன செய்கின்றது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தமிழில் மலைக்கோயில் எனத் தொகுக்கலாம். விரிப்பின், மலைமேல் உள்ள கோயிலா, மலைமேல் எழுந்த கோயிலா, மலைமேல் ஒருவன் எடுத்த கோயிலா என்பதைப் பெரும்பாலும் தெரிந்தே எழுதுதல் வேண்டும்.

நாம் தமிழ் பயிற்றும் திருத்தணியில் 1888இல் பிறந்தவர் ச. இராதாகிருட்டிணன். இந்நகரில் தோன்றியோருள் ஆங்கில உரைநடையால் உலகப் புகழ் எய்தியவர் அவரே. 1926இல் ஆக்சுபோர்டில் அவர் ஆற்றிய அப்டன் சொற்பொழிவுகள் 'தி இந்து வியூ ஆஃப் லைஃப்' என்னும் பெயரால் 1927இல் நூலாயின. இப்பெயரிலுள்ள 'ஆஃப்' என்னும் முன்னுருபை ஆறாம் வேற்றுமையாகக் கொண்டு 'வாழ்க்கையின் இந்து நோக்கு' என்று பெயர்த்தால், நோக்குவது வாழ்க்கை ஆகிவிடும்! நோக்கப்படுவதன்றோ வாழ்க்கை? 'வாழ்க்கையை இந்து சமயம் நோக்கும் முறை' என்று இரண்டன் உருபும் வினையும் பெய்தாலன்றிப் பொருள் நிரம்பாது. செய்பவனையும் செயப்படுபொருளையும் ஓருருபே சுட்டும் இம்மயக்கம் ஆங்கிலத்திற்கே உரியதன்று. 'புலிகொல் யானை' என்னும் தொடரில் கொன்றது எது, இறந்தது எது என்னும் ஐயம் எழுமன்றோ? இதனைத் தொல்காப்பியர் 'தடுமாறு தொழிற்பெயர்' எனப் பெயரிட்டே வேற்றுமை மயங்கியலில் ஆராய்ந்தார். மயக்கத்தைக் கண்டு விலக்கும் கருவி நம் இலக்கணத்திலேயே இருக்க, அதனை மொழிபெயர்ப்பாளர் எடுத்தாளாமை வியப்பே.

இவ்வூரோடு தொடர்புடைய மற்றொரு தொடரையும் நோக்குவோம். ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பின், ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கென இயற்றிய 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் 'ஆல்டரேசன் ஆஃப் பவுண்டரீசு' என்னும் தொடர் உள்ளது. எல்லையை மாற்றியவர் யார் என்பதை அத்தொடர் கூறவில்லை. கூறாமையே சட்டநடையின் இயல்பு. 'எல்லை மாற்றம்' எனத் தமிழிலும் நாம் அதனை எளிதில் மறைத்துவிடலாம். ஆயின் வாக்கியமாக எழுதப் புகுந்தால், 'எல்லை மாறிற்று' என்பதா, 'எல்லையை மாற்றினர்' என்பதா என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையே தெரிந்து நிற்றல் வேண்டும். அப்போராட்டத்தில் சிறை சென்றவர் எவரும் எல்லை தானே மாறிற்று என்று சொல்ல ஒருப்படார்.

முன்னுருபுத் தொடரைத் தமிழில் அமைக்குங்கால் சிறந்ததொரு முன்மாதிரி மு. வரதராசனாரிடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல் டாக்டர் பட்டம் பெற அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு, சங்க இலக்கியத்தில் இயற்கையைக் கையாண்ட முறையைப் பற்றியது. ஆங்கிலத் தலைப்பு 'டிரீட்மென்ட் ஆஃப் நேச்சர்' என்று தொடங்கும். அப்பொருளிலே அவர் தமிழில் வெளியிட்ட நூலின் பெயர் 'பழந்தமிழ் இலக்கியத்தில் இயற்கை' என்பதாம். 'டிரீட்மென்ட்' என்னும் தொழிற்பெயரும் அதனைத் தாங்கிய முன்னுருபும் மறைந்தன. ஏழாவது நேரே பெயர்கொண்டு முடிந்தது. இழந்தது ஒன்றுமில்லை. 'இயற்கையின் கையாளுகை' என்று அவர் எழுதியிருப்பின் நூற்பெயர் நாவில் நின்றிராது.

இனி இன்றைய ஆய்வேடுகளின் நிலை. 'உடனான', 'மீதான', 'இடையேயான', 'குறித்தான' என்னும் வடிவங்கள் எங்கும் மலிந்துள்ளன. இவற்றுள் 'குறித்தான' என்பது வெளிப்படையான பிழை. 'குறித்த' என்பதே பெயரெச்சமாயிருக்க, அதன்மேல் 'ஆன' ஏற்றுவது குடைமேற் குடை பிடிப்பதை ஒக்கும். ஏனையவற்றின் தோற்றம் வேறு. வினையே கொள்ளவேண்டிய உருபைப் பெயரோடு நேரே ஒட்டுதற்கு, 'ஆன' என்பதனைப் பொருளற்ற பசையாக இட்டிருக்கின்றனர். 'அரசுடனான உறவு' என்பதில் அரசோடு கொண்ட உறவு, அரசோடு முறிந்த உறவு, அரசோடு நாடிய உறவு எல்லாம் ஒன்றாய்க் கிடக்கின்றன.

இவற்றை முழுதும் விலக்குக என்று கூறவும் நாம் துணியவில்லை. அதற்குக் காரணமும் இந்த எல்லையூரே. எம் மாணவருள் வீட்டில் தெலுங்கு பேசுவோர் உளர். ஊரிலுள்ள கோயில் என்பதைக் 'கிராமம்லோனி குடி' என்றும், மலைமேலுள்ள கோயிலைக் 'கொண்டமீதி குடி' என்றும் தெலுங்கில் வினையின்றியே சொல்லலாம். இடப்பொருள் உருபே ஈறு திரிந்து பெயரடையாகின்றது. ஆகவே, உருபை மட்டும் கொண்டு பெயரைப் பெயரோடு இணைத்தல் திராவிட இயல்பிற்கே புறம்பு என்னும் வாதம் நில்லாது. 'இரு மொழிகளுக்கு இடையேயான எல்லை' என்பது அத்தகைய இடப்பொருளே. அதனை நாம் ஏற்கலாம். தெலுங்கு வடிவம் இடத்தைச் சுட்டித் தெளிவு தருவது. நம் ஆய்வேடுகளின் 'மீதான' என்பதோ பெரும்பாலும் இடத்தைச் சுட்டுவதன்று. வளர்ச்சி என்று இரண்டையும் ஒருங்கே வாழ்த்த இயலாது.

அண்மையில் ஆராய்ச்சி மாணவி ஒருவர் கொணர்ந்த தலைப்பு இது: 'சங்க காலப் பெண்களின் கல்வியின் வளர்ச்சியின் மீதான சமூகத்தின் தாக்கம்'. முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பின்னர்ப் பெயர்த்ததாகக் கூறினார். ஆங்கிலத் தலைப்பில் 'ஆஃப்' மும்முறையும் 'ஆன்' ஒருமுறையும் இருந்தன. பிழை ஒன்றும் இல்லை. 'தாக்கம் என்றீரே, சமூகம் பெண்கல்வியை வளர்த்ததா, தடுத்ததா?' என்று வினவினோம். சற்றே எண்ணிப் பார்த்துவிட்டு, 'ஐயா, அதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை' என்றார். நேர்மையான விடை. முன்னுருபுத் தொடர் அம்முடிவின்றியே அவரைத் தலைப்பு வரை கொண்டுவந்துவிட்டிருந்தது. 'வளர்ச்சி' என்னும் சொல்லும் அவ்வாறே மெய்ப்பிக்க வேண்டியதை மெய்ப்பித்ததாகக் கொண்டு தலைப்பிற் புகுந்திருந்தது.

பெயர்களை வினையாக்கி எழுதிவருமாறு கூறினோம். மூன்று திங்கள் புறநானூற்றையும் அகநானூற்றையும் மீண்டும் பயின்றபின், 'சங்க காலத்துப் பெண்பாற் புலவர் கல்வி பெற்ற வழிகள்' என்று எழுதிக்கொணர்ந்தார். பெற்றனர் என்பதற்குப் பாடல்களே சான்றாதலின் அவ்வினையை எழுதத் துணிந்ததாகவும், வளர்ந்தது என்பதற்குச் சான்று கிடைக்காமையால் அதனை விட்டதாகவும் உரைத்தார். பதிவுப் படிவத்தில் ஆங்கிலத் தலைப்பையும் எழுதவேண்டி இருந்தது. இம்முறை தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்த்தார். 'ஆஃப்' ஒன்றுகூட வரவில்லை.