மூலம் ஒன்று, உரை பல

டெபியன் லினக்ஸில், முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்ட ஒரு பொதியைப் பிரித்துப் பார்த்தால், மூலநிரல் போய் அமரும் அடைவின் பெயரில் வெறும் ‘பைத்தான்3’ என்றுதான் இருக்கும், 3.12, 3.13 என்ற வால் இராது. கணினியில் பைத்தானின் இரண்டு பதிப்புகள் இருந்தாலும் இரண்டும் அதே ஒரு பிரதியைத்தான் படிக்கின்றன. அந்த மூலநிரலிலிருந்து ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய பைட்கோடு, பொதியை நிறுவும்போது பயனர் கணினியிலேயே உருவாகி, ‘சிபைத்தான்-313’ போன்ற பெயருடன் தனியே அமர்கிறது. மணக்குடவரும் பரிமேலழகரும் வேறு வேறு உரை எழுதியதால் குறள் இரண்டாகிவிடவில்லை, இங்கும் அப்படித்தான். பதிப்புக்குப் பதிப்பு எது மாறும், எது மாறாது என்று பிரித்தறிவதில்தான் பொதி கட்டும் இந்தக் கைவினையின் அழகு இருக்கிறது.

அந்தத் தெளிவு எளிதில் வரவில்லை. பைத்தான் 2 காலத்தில் பைட்கோடு கோப்பின் பெயரில் பதிப்பு அடையாளம் இல்லாததால், இரு பதிப்புகள் ஒரே அடைவைப் பகிர முடியவில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் தனி அடைவு வைத்து, கோப்புக்குக் கோப்பு சிம்லிங்க் (குறியீட்டு இணைப்பு) போட வேண்டியிருந்தது. டெபியனில் அதற்கென்றே ‘பைத்தான்-சென்ட்ரல்’, ‘பைத்தான்-சப்போர்ட்’ என இரண்டு கருவிகள் இருந்தன. பொதி கட்டுபவர்களின் இந்தத் தொல்லையைத் தீர்க்க பேரி வார்சா எழுதிய பெப் 3147 என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு, 2011இல் பைத்தான் 3.2 உடன் நடைமுறைக்கு வந்தது. சி மொழியில் எழுதிய நீட்சிகளின் பெயரிலும் பதிப்பைப் பொறிக்க பெப் 3149 வழி செய்தது. மொழியையே திருத்த வைத்த கைவினை இது.

ஒரு பொதிக்கு வேறெவை வேண்டும் என்று குறிக்கும் சார்புகளிலும் அதே நுட்பம் தெரிகிறது. பொதுவான பொதி ‘பைத்தான் 3 இருந்தால் போதும்’ என்கிறது, 3.13க்குத் தொகுத்த நீட்சியோ ‘3.13 முதல், 3.14க்குக் கீழே’ என்று எல்லை கட்டிக்கொள்கிறது. அதனால் புதிய பதிப்பு வரும்போது எவற்றை மறுபடி தொகுக்க வேண்டும் என்பது தானே தெரிந்துவிடுகிறது. முதலில் புதியது பழையதன் அருகே சேர்க்கப்படும். நீட்சிகள் இரண்டுக்கும் தொகுக்கப்பட்டுச் சோதிக்கப்படும். பிறகு புதியது இயல்பிருப்பாகும். கடைசியில் பழையது விடைபெறும். டெபியன் 12 பைத்தான் 3.11உடனும், 13 பைத்தான் 3.13உடனும் வந்தது இப்படித்தான்.

ஒவ்வொரு செயலிக்கும் தனி மெய்நிகர் சூழல் அமைக்கலாமே, இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். நிரல் எழுதுபவருக்கு அதுவே சரியான வழி; டெபியன் 12 முதல், பைத்தானின் நிறுவு கருவியான பிப் நேராகக் கணினியின் பைத்தானில் கைவைக்க முயன்றால் தடுக்கப்பட்டு, அந்த வழியும் காட்டப்படுகிறது. ஆனால் நூறு செயலிகள் ஒரே நூலகத்தின் நூறு பிரதிகளைச் சுமந்தால், ஒரு பாதுகாப்புக் குறையை நூறு இடத்தில் அடைக்க வேண்டும். பொதுப் பிரதியில் ஒரு திருத்தம் போதும். இதனால் பயனர் கைக்குச் சற்றுப் பழைய நூலகமே கிடைக்கிறது என்பது உண்மை. அது தெரிந்தே கொடுக்கும் விலை. பல ஆண்டுகள் ஓட வேண்டிய கணினிக்கு அது நியாயமான விலையும்கூட.

செயலிக் கோப்பின் முதல் வரியைப் பாருங்கள். எந்தப் பைத்தான் முதலில் அகப்படுகிறதோ அதைக் கொண்டு ஓடட்டும் என்று ஆசிரியர் எழுதியிருப்பார். பொதி கட்டும் கருவி அதைக் கணினியின் சொந்தப் பைத்தான் 3க்கு மாற்றி எழுதுகிறது. பயனர் அமைத்த எந்த மெய்நிகர் சூழலும் இனி அந்தச் செயலியைக் குலைக்காது. அவ்வளவு உறுதியாகக் கட்டிய அந்த வரியிலும் 3க்குப் பிறகு ஒரு புள்ளி இல்லை. அடுத்த பதிப்பு வரும் நாளில் அதைத் தொடவே வேண்டியதில்லை.