இத்தனை பேர் இருக்கும்போது

‘கரகாட்டக்காரன்’ அளவுக்குத் துண்டு துண்டாகப் பார்க்கப்பட்ட தமிழ்ப் படம் அதிகமில்லை. வாழைப்பழக் காட்சியை வரி பிசகாமல் ஒப்பிப்பவர்களில் பலருக்குப் படத்தின் கதை நினைவில் இருக்காது. டிவியின் காமெடிச் சேனல்களும் பின்னால் வந்த செல்போனும் கவுண்டமணியையும் செந்திலையும் படத்திலிருந்து தனியே பிரித்தெடுத்துவிட்டன. போடிமெட்டு மலையடியில், முந்தலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், திருவிழாவுக்குத் திரை கட்டி அதை முழுசாகப் போட்டார்கள். இந்தச் சிரிப்பு படம் தருவதா, நம் பழக்கம் தருவதா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

அதைச் சோதிக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. இயக்குநர் கங்கை அமரனும், இசையமைத்த அவர் அண்ணன் இளையராஜாவும் பிறந்த பண்ணைப்புரம், போடிக்குத் தெற்கே தேவாரம் தாண்டியதும் வந்துவிடும். கரகமும் நையாண்டி மேளமும் இந்தச் சனங்களுக்குச் சினிமா வழியாகத் தெரிந்தவை அல்ல. கூட்டத்தில் பலர் விடியுமுன் ஜீப் ஏறி, மெட்டைத் தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு இறங்கியவர்கள்.

வாழைப்பழம் வந்ததும், செந்தில் வாயைத் திறக்குமுன் கூட்டமே பதிலைச் சொல்லிவிட்டது. ஆரவாரம் பெரிதுதான். ஆனால் மனப்பாடச் சிரிப்பு நம் ஞாபகசக்திக்குச் சான்றே தவிர, படத்தின் தரத்துக்குச் சான்றாகாது. யாருக்கும் மனப்பாடமில்லாத இடத்தில் சிரிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தது. அதற்குக் காரணம் நடிகர்களின் திறமை மட்டுமில்லை, அவர்களைச் சுற்றி எப்போதும் நிற்கும் ஆட்கள்.

கார் காட்சியை எடுத்துக்கொள்வோம். சொப்பன சுந்தரி வைத்திருந்த கார் என்று பெருமையாக வாங்கிய பழைய வண்டியில் கரகாட்டக் கோஷ்டி முழுவதும் போகிறது. அந்தச் சொப்பன சுந்தரியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று செந்தில் கேட்க, கவுண்டமணி அடிக்கப் பாய்கிறார். இத்தனை பேர் இருக்கும்போது தன்னைப் பார்த்து ஏன் அந்தக் கேள்வி என்பதுதான் அவருடைய ஆத்திரம். செல்போனில் அந்த ‘இத்தனை பேர்’ வெறும் புள்ளிகள். கண் இரண்டு முகங்களைத் தாண்டுவதில்லை. பெரிய திரையில் அவர்களுக்கு உடம்பு வருகிறது, முகம் வருகிறது. கவுண்டமணியின் கோபம் செந்திலின் மேல் மட்டும் இல்லை, தன் மானம் அத்தனை பேர் முன்னாலும் போகிறதே என்பதும் அதில் இருக்கிறது. வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லாவிட்டால் அந்த வசனத்துக்குப் பொருளே இல்லை. படத்தின் சிறந்த காட்சி இதுதான். வாழைப்பழம் இதற்கு அடுத்துத்தான்.

இதில் ஓர் அமைப்பும் இருக்கிறது. எண்பதுகளின் படங்கள் பலவற்றில் காமெடி தனி டிராக். வெட்டி எடுத்தாலும் கதை கலையாது. இங்கே கவுண்டமணி தவில்காரர், செந்தில் நாயனக்காரர். நாயகன் ராமராஜனின் முத்தையா ஆட வேண்டுமானால் இவர்கள் வாசித்தாக வேண்டும். இரண்டு கலைஞர்களின் போட்டி காதலாகும் இந்தக் கதைக்கு 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ முன்னோடி. அதில் நாகேஷின் வைத்தி இல்லாமல் கதை நகராது. அந்த அளவுக்குக் கவுண்டமணி இங்கே கதையைத் திருப்புவதில்லை. ஆனால் கோஷ்டியின் பிழைப்பையும் பெரியவன் சின்னவன் கணக்கையும் நாம் தெரிந்துகொள்வது அவர் மூலமாகத்தான். வாழைப்பழக் காட்சியின் ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் என்பதில் அவ்வளவு வீராப்பு ஏன் என்று, கூலியை எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெரிய திரை குறைகளையும் பெரிதாக்குகிறது. அடி, மிதி, தோற்றத்தைச் சொல்லி ஏசுவது எல்லாம் துண்டாகப் பார்க்கையில் நிமிடத்தில் கடந்துபோகும். இரண்டரை மணி நேரத்தில் சேர்ந்துகொண்டே வந்து சலிக்கிறது. சொப்பன சுந்தரி கேள்வியில் ஒரு பெண்ணைக் காரோடு சேர்த்துக் கைமாறும் பொருளாக்கியிருக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதனால் அந்தக் கேள்வி சரியாகிவிடாது. காட்சியின் கட்டுமானத்தை மெச்சும்போது இதையும் கூடவே சொல்லியாக வேண்டும். பின்பாதியில் வில்லத்தனமும் குடும்பப் பகையும் முன்னுக்கு வர, கோஷ்டி ஓரத்துக்குப் போய்விடுகிறது. பூக்குழிக் காட்சியை இளையராஜாவின் மேளம் தாங்குகிறது, திரைக்கதை தாங்கவில்லை. நாயகி கனகாவுக்கு இது முதல் படம். ஆட்டத்தில் இருக்கும் துடிப்பு அவருக்கு எழுதப்பட்ட வசனங்களில் இல்லை.

அன்று ஓடியது டிவிக்காகத் தயாரான பிரதி போலிருந்தது. நிறம் வெளிறி, ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தன. காட்சிக்குக் காட்சி ஆட்களைப் பக்கவாட்டில் நிறுத்திச் சிரிப்பை உண்டாக்கும் படத்துக்கு ஓரம் போவது பெரிய இழப்பு.

1989இல் வெளியாகி மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியதற்குப் பாட்டுதான் காரணம் என்றும், காமெடிதான் காரணம் என்றும் இரண்டு கட்சி உண்டு. இரண்டும் ஒரே கோஷ்டியிலிருந்து பிறக்கின்றன என்பது என் கட்சி. காதல் கதையாக இது சுமார்; தொழில் செய்து பிழைக்கும் ஒரு கோஷ்டியின் நகைச்சுவைப் படமாக முதல் வரிசை. அந்த வரிசையில் அது உட்காருவது முழுப் படமாகப் பார்க்கும்போதுதான். மறு வெளியீட்டுக்கு எடுப்பவர்கள் நெகட்டிவிலிருந்து, ஓரம் வெட்டாமல், புதுப் பிரதி எடுக்கட்டும்.