தரம்: அவர்கள் அளப்பதும் நாம் கேட்பதும்

1990ல் மண்டல் குழுவின் பரிந்துரையை அமல்படுத்தப்போவதாக வி.பி. சிங் அறிவித்தபோது, தெருவுக்கு வந்த மேல்சாதி மாணவர்கள் தூக்கிப் பிடித்த சொற்கள் 'தகுதி', 'திறமை'. அந்தச் சொற்களுக்கு இப்போது கொஞ்சம் வெட்கம் வந்திருக்கிறது. அவற்றின் இடத்தில் 'தரம்' வந்து உட்கார்ந்துகொண்டது. "உயர்கல்வி பெருகிடுச்சு, தரம் போயிடுச்சு" என்பது கருத்தரங்க மேடையிலும் பத்திரிகையின் நடுப்பக்கத்திலும் வழக்கமான ஒப்பாரி. பெருகியது யார் வந்ததால் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 2021-22 கணக்கின்படி தமிழ்நாட்டின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்திய அளவில் 28.4; இந்திய அளவில் பட்டியல் சாதியினருக்கு 25.9. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார்கள். ஒப்பாரி அவர்களைப் பார்த்துத்தான்.

'தரம்' என்ற சொல்லை அவர்களிடமே விட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகம் எப்படி இருக்க வேண்டும் என்று 1920களிலேயே பம்பாய்ப் பல்கலைக்கழகச் சீர்திருத்தக் குழுவுக்கு அம்பேத்கர் எழுத்து மூலம் சாட்சியம் கொடுத்தார். மாணவரின் மண்டைக்குள் தகவலைத் திணிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை இல்லை, அவரைச் சுயமாக யோசிக்க வைப்பதும் பெரிய அறிஞர்களின் நூல்களையே விமர்சித்துப் படிக்கப் பழக்குவதும்தான் அதன் வேலை என்பது அவருடைய வாதம். பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கும் எந்திரமாக பம்பாய்ப் பல்கலைக்கழகம் இருப்பதை அவர் ஏற்கவில்லை. அதே அம்பேத்கர் 1927ல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பல்கலைக்கழகச் சட்டத் திருத்தம் விவாதத்துக்கு வந்தபோது, பின்தங்கிய வகுப்பாருக்கு அதன் நிர்வாகத்தில் இடம் கேட்டுப் பேசினார். அவருக்கு இடமும் தரமும் ஒரே கோரிக்கையின் இரண்டு கைகள். நம் இயக்கங்கள் ஒரு கையை மட்டும் பிடித்துக்கொண்டன. இடஒதுக்கீடு, உதவித்தொகை, விடுதி, நிரப்பப்படாத பணியிடம் என்று வாசல்வரை போராடினோம். அந்தப் போராட்டம் இல்லாமல் நான் எம்.ஏ. படித்திருக்க முடியாது. ஆனால் வாசலுக்கு உள்ளே யார், எதை, எப்படி நடத்துகிறார்கள் என்பது 'படிச்சவங்க விவகாரம்' என்று ஒதுக்கப்பட்டது.

மோசமான வகுப்பால் நஷ்டப்படுவது யார்? காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி இருக்கிறது, வீட்டில் புத்தகம் இருக்கிறது, டெல்லியில் வழிகாட்ட ஒரு மாமா இருக்கிறார். எங்க தெருவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேர வகுப்புதான் எல்லாம். அது பாழானால் அவளுக்கு மிஞ்சுவது ஒரு சான்றிதழும் ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிற வேலையும். ஆகவே தரம் கெட்டுப்போனது என்று முதலில் கத்த வேண்டியவர்கள் நாம்.

எனக்குத் தெரிந்தது தமிழ்த்துறை. அதைப் பற்றியே பேசுகிறேன்.

எம்.ஏ. தமிழில் புறநானூறு இல்லாத பாடத்திட்டத்தை நான் பார்த்ததில்லை. அந்தப் புறநானூற்றில் கட்டில் பின்னுகிறவனும் 'இழிசினன்', பறை முழக்குகிறவனும் 'இழிசினன்'. துடி அடிப்பவனை 'புலையன்' என்று விளிக்கிற பாட்டும் உண்டு. வகுப்பில் உட்கார்ந்திருக்கிற சில பேரின் தாத்தா பறை அடித்தவர். வாத்தியார் என்ன செய்வார்? உரையில் இருக்கிற பொருளை வாசித்துவிட்டு, திணை என்ன, துறை என்ன என்று கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார். கீழே உட்கார்ந்திருப்பவனும் தலையைக் குனிந்துகொண்டு, இந்த இடம் சீக்கிரம் கடந்து போகட்டும் என்று காத்திருப்பான்.

இந்தச் சொல் அன்று பிறப்பைக் குறித்ததா, தொழிலைக் குறித்ததா? பிற்காலத்து உரைகாரரின் சாதி உரைக்குள் எப்படிப் புகுந்தது? இழிந்தவன் என்று பெயர் வைத்துக்கொண்டே அவன் பறை இல்லாமல் ஒரு போரைக்கூடத் தொடங்க முடியாத நிலை எதைக் காட்டுகிறது? ஒரு பருவம் முழுக்க விவாதிக்க வேண்டிய கேள்விகள் இவை. கலிபோர்னியாவில் இருந்த ஜார்ஜ் ஹார்ட் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் தமிழ் நடத்திய, 2024ல் மறைந்த ராஜ் கௌதமன், சங்க இலக்கியம் முழுவதையும் தலித் நோக்கில் மறுவாசிப்புச் செய்து தடித்தடியாகப் புத்தகம் போட்டார். இவர்களோடு உடன்படலாம், சண்டை போடலாம். நம் வகுப்புகளில் இரண்டும் நடப்பதில்லை. 'பண்டைத் தமிழர் சாதி அறியார்' என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அந்த வாக்கியத்துக்கு மதிப்பெண்ணும் உண்டு.

பழையதுதான் இப்படி, தலித் இலக்கியம் பாடமாக வந்த பிறகு மாறியிருக்குமே என்று கேட்கலாம். பாமாவின் 'கருக்கு' 1992ல் வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் 2000ல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஆங்கிலத் துறைகளில் அதற்கு இருக்கிற மரியாதை தமிழ்த்துறைகளில் இன்றும் இல்லை. தமிழ்த்துறையில் அது ஒரு அலகின் ஓரத்தில் இருக்கும். நோட்ஸில் 'தீண்டாமைக் கொடுமை', 'வறுமை', 'மதமும் சாதியும்' என்று துணைத்தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் நாலு வரி.

அந்த நூலில் ஒரு இடம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற சிறுமி, தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் அண்ணனிடம் போய்ச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஏன் அப்படித் தூக்கிக்கொண்டு போனார் என்று விளக்குகிறான். நோட்ஸில் இது 'தீண்டாமைக்குச் சான்று'. சரி, அந்தச் சிரிப்பு எங்கே போச்சு? படிக்கிற நாமும் முதலில் அவளோடு சேர்ந்து சிரித்துவிடுகிறோம், அப்புறம் மாட்டிக்கொள்கிறோம். சாதியை ஒரு குழந்தை கற்றுக்கொள்கிற அந்த நொடி, ஒரு வேடிக்கை இனி வேடிக்கையாக இருக்க முடியாமல் போகிற நொடி, அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. பேச்சுத் தமிழில் எழுதியதால்தான் அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது. செந்தமிழில் எழுதியிருந்தால் அது வெறும் புகார் மனு. இதையெல்லாம் கேட்கவும் சொல்லவும் ஒரு மாணவருக்குப் பழக்கிக் கொடுப்பதற்குப் பெயர்தான் இலக்கியக் கல்வி. அதற்குக் கட்டடமும் கணினியும் தேவையில்லை. வாசிக்கத் தெரிந்த ஒரு வாத்தியார் போதும்.

நான் படித்த துறையில் இந்த நூல் நடந்தபோது ஆசிரியர் புத்தகத்தைத் திறக்கவில்லை. "இந்தக் கொச்சையை எல்லாம் என்னால வாசிக்க முடியாது, சுருக்கம் எழுதிப் போடுறேன், எழுதிக்கங்க" என்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "நான் வாசிக்கிறேன் ஐயா, எங்க வீட்டுப் பேச்சுதான்" என்றாள். "பரீட்சைக்கு வாசிப்பு வராதும்மா, உட்காரு" என்றார் அவர். அவள் உட்கார்ந்துவிட்டாள். தகுதி தகுதி என்கிறார்களே, அந்த அறையில் அந்த நூலை உரக்க வாசிக்கத் தகுதி உள்ள ஆள் அவள்தான்.

வகுப்பு இப்படியென்றால் ஆய்வு எப்படி இருக்கும்? அட்டையைப் பார்த்தாலே போதும். இன்னாரின் நாவல்களில் சமுதாயப் பார்வை, இன்னாரின் சிறுகதைகளில் வட்டார வழக்கு. முதல் இயலில் ஆசிரியர் வாழ்வும் பணியும், கடைசி இயலில் தொகுப்புரை. செங்கல் சூளை அச்சு மாதிரி, மண் மட்டும்தான் மாறும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994ல் வந்தபோது தலித் எழுத்தாளர்களுக்குள்ளேயே கடுமையான வாதம் நடந்தது. ஆய்வேடுகளில் அந்த வாதத்தின் வாசனைகூட இருப்பதில்லை. மாணவரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? தொண்ணூறுகளின் விவாதமெல்லாம் 'நிறப்பிரிகை' போன்ற சிற்றிதழ்களில் நடந்தது. அந்த இதழ்களை முழுசாகச் சேர்த்து வைத்திருக்கிற துறை நூலகம் எத்தனை? மாணவர் யாரோ ஒரு சேகரிப்பாளரின் வீட்டுக் கதவைத் தட்டி நிற்க வேண்டியிருக்கிறது.

ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016ல் விதி போட்டது. தரத்துக்காகத்தான். காசு கட்டினால் எதையும் போடுகிற இதழ்களும், பதிவுக்கட்டணம் வாங்கிக்கொண்டு ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தலையணை கனத்துக்குத் தொகுப்பு போடுகிற கருத்தரங்கங்களும் இந்த ஓட்டத்தில் கொழுத்தன. 2022ல் அந்த விதி போனது. நாக் குழுவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1994ல் தொடங்கிய அமைப்பு. குழு வருகிற வாரம் சுவருக்கு வெள்ளை அடிப்பதும் பூந்தொட்டி வாடகைக்கு வருவதும் எல்லோரும் பார்த்ததுதான். 2025 பிப்ரவரியில் அதன் ஆய்வுக் குழு ஒன்றின் உறுப்பினர்களையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது.

இந்த அளவுகோல்கள் எதிலும் பாடம் நடத்துகிறவரின் வயிறு தெரிவதில்லை. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019ல் சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அதற்குப் பிறகும் பல வருஷம் அதில் பாதிகூட இல்லை. பெயரில் மட்டும் கௌரவம். அவர்களில் நம்ம ஆட்கள் நிறையப் பேர். அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர், துறைத்தலைவருக்குப் பிடிக்காத ஒரு கேள்வியை எப்படி வகுப்பில் எழுப்புவார்?

மாணவரின் கழுத்துக்கும் ஒரு கயிறு உண்டு, அகமதிப்பீடு. பெரும்பாலும் நூற்றுக்கு 25. எதற்கு 18, எதற்கு 9 என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எய்ம்ஸில் சாதிப் பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007ல் கொடுத்த அறிக்கையில், வாய்மொழித் தேர்விலும் மதிப்பீட்டிலும் தாங்கள் வேறு மாதிரி நடத்தப்பட்டதாகப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. தலைநகரத்து மருத்துவக் கல்லூரியிலேயே அந்த நிலை என்றால், ஊர்ப்பெயரைச் சொன்னாலே தெரு தெரிந்துவிடுகிற நம் மாவட்டக் கல்லூரிகளை யார் விசாரிப்பது?

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. மராத்வாடாவில், அன்றைய ஔரங்காபாத்தில், அம்பேத்கர் 1950ல் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் மிலிந்த் மகாவித்யாலயா என்று பெயர் பெற்றது. நிஜாம் ஆட்சியில் கல்வி எட்டாமல் கிடந்த வறண்ட பிரதேசம் அது. வந்தவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைகள். இன்றைய கணக்கில் அது 'தரம் குறைந்த' மாணவர் கூட்டம். அங்கே முதல்வராக இருந்த எம்.என். வான்கடேயும் ஆசிரியர் கங்காதர் பான்தாவ்ணேயும் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையை இலக்கியத்தின் கச்சாப் பொருளாக மதித்தார்கள். அந்த வட்டத்திலிருந்து 1960களின் இறுதியில் 'அஸ்மிதாதர்ஷ்' இதழ் வந்தது. பான்தாவ்ணே அதன் ஆசிரியர். மராத்தி தலித் இலக்கியத்தின் ஒரு தலைமுறை அதன் பக்கங்களில் எழுதியது. பக்கத்திலேயே இருந்த மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்க 1978ல் தீர்மானம் போட்டதற்கே தலித் குடியிருப்புகள் எரிந்தன. பெயர் வைக்க 1994 ஆயிற்று. தரத்தைப் பற்றி அந்தப் பதினாறு வருஷமும் அங்கே யாரும் பேசவில்லை என்றா நினைக்கிறீர்கள்?

டெல்லிப் பல்கலைக்கழக ஆங்கில ஹானர்ஸ் பாடத்திலிருந்து 2021ல் பாமாவையும் சுகிர்தராணியையும், மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையையும் மேற்பார்வைக் குழு ஒன்று தூக்கியது. நாமும் கண்டன அறிக்கை விட்டோம். சரிதான். ஆனால் இங்கே பாடத்தில் இருந்தும் திறக்கப்படாமல் கிடக்கிற 'கருக்கு'க்காக எந்த அறிக்கையும் வரவில்லை.

அடுத்த முறை பாடத்திட்டம் மாறுகிற வருஷம் நம் மாணவர் அமைப்புகள் துணைவேந்தரிடம் கொண்டுபோகிற மனுவில் உதவித்தொகை நிலுவையோடு இவையும் இருக்கட்டும்: திருத்திய விடைத்தாள் குறிப்புகளோடு திரும்பி வர வேண்டும், அகமதிப்பீட்டுக்குக் காரணம் எழுதித் தர வேண்டும், மூலநூலை வகுப்பில் வாசித்தே ஆக வேண்டும், விரிவுரையாளருக்கு நிரந்தர வேலை வேண்டும். மனுவுக்குப் பதில் வருகிறவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 'சமூகநீதி விடுதி' என்ற பெயர் 2025ல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பெயர் நல்ல பெயர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே பத்துப் பேர் வட்டமாக உட்கார ஒரு அறை கேட்போம். உ.வே.சா. 1894ல் பதிப்பித்த புறநானூறு இன்று மலிவு விலையிலும் கிடைக்கிறது. 82, 287, 289, இழிசினன் வருகிற இந்த மூன்று பாட்டிலிருந்து தொடங்கலாம்.